உயிரியல் பட்டத்தால் பெற வேண்டுவது

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தல் பெயர்பெற்ற வழிபாடு. தேர்வெழுதச் செல்லும் மாணவரும் உடைப்பதுண்டு. அவருள் உயிரியல் பயிலும் ஒருவர், உடைப்பதற்குமுன் அத்தேங்காயைச் சற்றே உற்று நோக்குவாராயின், அவர் கற்ற கல்வி எத்தகையது என்பதை அங்கேயே அறிந்துவிடலாம்.

தேங்காய்க்கு மூன்று கண்கள் உண்டென்பதை யாவரும் அறிவோம். அவற்றுள் ஒன்று மட்டும் மெலிதாய் இருப்பானேன்? பூவின் சூலகம் மூன்று சூலிலைகளால் ஆனது. பொதுவாக அவற்றுள் ஒன்றே விதையாய் வளரும். மெலிந்த கண்ணின் வழியே அதன் முளை வெளிவரும். உள்ளிருக்கும் நீரும் பருப்புமோ, கருவுக்கென அமைந்த ஒரே உணவின் இரு நிலைகள். 1941-இல் வான் ஓவர்பீக் முதலிய அறிஞர்கள், ஊமத்தையின் இளங்கருவை விதையினின்று பிரித்தெடுத்து, தேங்காய் நீர் கலந்த ஊட்டத்தில் வளர்த்துக் காட்டினர். நாம் பிள்ளையார் முன் சிதறவிடும் நீர்தான் அது!

இச்செய்திகளை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடலாம். ஆனால், கண்ட பொருளைக் குறித்து வினா எழுப்புவதும், விடையைத் தாமே சோதித்தறிவதும் ஒப்பித்தலால் வாரா. அவற்றைப் பெறவே கல்லூரி. பெயர்களும் வேண்டுவனவே. நாம் மரவள்ளி என்பதை இவ்வூரார் மரச்சீனி என்பர், கப்ப என்பர். ஊர்விட்டு வந்து சந்தையில் விழித்து நின்ற நமக்கு, மானிகாட் எஸ்குலென்டா என்னும் பொதுப்பெயரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நம் குடும்பங்கள் பலவற்றில் இப்பட்டத்தை, மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கும்வரை ஒதுங்கி நிற்கும் திண்ணையாகவே கருதுகின்றனர். 1925-இல் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனையும் மருத்துவராக்கவே வீட்டார் விரும்பினர். பழவங்காடியிலிருந்து தலைமைச் செயலகத்தைக் கடந்து பாளையம் செல்லும் வழியில் உள்ள யூனிவர்சிட்டி கல்லூரி, முன்னர் மகாராஜா கல்லூரி எனப்பட்டது. அங்கே அவர் விலங்கியல் பயின்று 1944-இல் பட்டம் பெற்றார். இடையே, 1943-இல், வங்கத்தில் பெரும் பஞ்சம் வந்தது. மக்கள் உணவின்றி மடிந்த செய்தி அவர் நெஞ்சை மாற்றியது. மருத்துவத்தை விடுத்துக் கோவை வேளாண்மைக் கல்லூரிக்குச் சென்றார். விலங்கியல் கற்றவர் கோதுமையின் மரபியலுக்கு வந்தார். கற்றது வீணாயிற்றென்று யார் கூறுவர்?

அவரிடம் நான் பெரிதும் மதிப்பது பிறிதொன்று. குட்டைக் கோதுமையின் வெற்றியை நாடு கொண்டாடிய 1968-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே, வாரணாசியில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் அவர் எச்சரிக்கை விடுத்தார். மண்வளம் காவாத தீவிர வேளாண்மையும், வரம்பற்ற பூச்சிமருந்தும், நிலத்தடி நீரை இறைத்துத் தீர்ப்பதும் கேட்டில் முடியும் என்றார். தம் வெற்றியையே ஐயுற்று ஆராயும் அத்துணிவைத் தேர்வுத்தாளில் அளக்க இயலாது. ஆயினும் உயிரியல் வகுப்பு அதற்கு வித்திட முடியும்.

கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பும் வந்துள்ளது. ஆண்டு கூடியதனாலேயே அறிவு கூடிவிடாது. ஆதலின், கல்லூரி தேடும் பெற்றோர் தேர்ச்சி விகிதத்தோடு வேறு சிலவும் விசாரிக்கலாம். நுண்ணோக்கியை மாணவர் தம் கையால் இயக்குகின்றனரா? பொன்முடி மலைக்கோ வேளிக் காயலுக்கோ அழைத்துச் செல்கின்றனரா? எதிர்பார்த்ததற்கு மாறாக வந்த முடிவை உள்ளது உள்ளவாறே ஆய்வேட்டில் எழுதினால், ஆசிரியர் அதனை ஏற்கின்றாரா?