நஞ்சை நிறுத்தும் கரி

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கழிவுநீரிலே கலந்துள்ள நச்சு உலோகங்களைக் காபன் என்னும் கரிப்பொருளின் மிக நுண்ணிய வடிவங்களைக் கொண்டு அகற்றுவது எங்ஙனம் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். சமய வளர்ச்சிக்கென அமைந்த சங்கத்திலே இரசாயனவியலுக்கு என்ன வேலை என்று சிலர் ஐயுறலாம். நீரைத் தீர்த்தமெனப் போற்றும் மரபினர் நாம். அந்நீர் நஞ்சாகும் வழியையும், நஞ்சு நீங்கும் வழியையும் அறிந்துகொள்வது நமக்குப் புறம்பான வேலையன்று.

முதலில் உலோக நஞ்சின் இயல்பை நோக்குவோம். நீரில் கிருமி இருந்தால் கொதிக்க வைத்துக் கொல்லலாம். இலை தழைகளின் அழுக்கு காலப்போக்கில் மக்கி அழியும். ஆனால் ஈயம், இரசம், கட்மியம் முதலியன மூலகங்கள். அவற்றைக் காய்ச்சினாலும் எரித்தாலும் அழிக்க இயலாது. ஈயம் கலந்த நீரைக் கொதிக்க வைத்தால் நீர்தான் ஆவியாகிக் குறையுமேயன்றி, ஈயம் குறையாது.

இதன் கொடுமையை உலகுக்குக் காட்டியது யப்பான் நாடு. மினமாட்டா என்னும் கடற்கரையூரிலே, கைகால் நடுங்கி, பேச்சுக் குழறி, பார்வை குன்றும் ஒரு நோய் பரவியிருப்பது 1956ஆம் ஆண்டு மே மாதத்தில் அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட்டது. அங்கிருந்த சிஸ்ஸோ இரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை கடலில் விட்ட கழிவிலே இரசம் இருந்தது. அது மெதயில் இரசமாய் மீனிலும் சிப்பியிலும் சேர்ந்தது. அவற்றை உண்ட மக்களையும் பூனைகளையும் தாக்கியது. அந்நோய்க்குக் காரணம் இதுவே என்று அந்நாட்டு அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968இலேதான். அதே நாட்டில் ஜின்சு ஆற்றோரத்து வயல்களில் சுரங்கக் கழிவின் கட்மியம் நெல்லிலே ஏறி, உண்டவர்களின் எலும்பை உருக்குலைத்தது.

எவ்வளவு சிறிய அளவு நஞ்சாகும் தெரியுமா? குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை இலீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கிராம் ஈயம் கரைந்தால், ஓர் இலட்சம் இலீற்றர் நீர் அந்த எல்லையை எட்டிவிடும்!

கழிவுநீரில் சுண்ணாம்பு இட்டு உலோகங்களை வண்டலாகப் படிய வைப்பது பழைய முறை. அது மலிவானது; பெரும் பகுதியை நீக்கவும் வல்லது. ஆயினும் கடைசியாக எஞ்சும் சிறு பகுதி அதற்கு எளிதில் அகப்படுவதில்லை. அந்த இடத்திலேதான் கரி துணைக்கு வருகின்றது.

கரியின் ஆற்றல் அதன் மேற்பரப்பிலே உள்ளது. சிலேற்றுப் பலகையில் சுண்ணக்கட்டித் தூள் ஒட்டுவதுபோல, நீரில் உள்ள பொருள்கள் கரியின் மேற்பரப்பிலே ஒட்டிக்கொள்கின்றன. இதனைப் புறத்துறிஞ்சல் என்பர். நமது நாட்டின் சிரட்டைக் கரி உயிர்ப்பூட்டப்பட்டுப் பிறநாடுகளுக்கு ஏற்றுமதியாவதும் இதன் பொருட்டே. பரப்பு எவ்வளவு பெருகுமோ அவ்வளவு பயனும் பெருகும்.

இனிப் புதிய வடிவங்களைக் காண்போம். ஒரு மீற்றரை நூறு கோடியாய்ப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். சில நனோமீற்றர் அகலமே உடைய காபன் குழாய்களை யப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா 1991இல் விளக்கி வெளியிட்டார். பென்சிலிலே உள்ள காரீயம் பெயரில் ஈயத்தைத் தாங்கி நின்றாலும், உண்மையில் அது காபனே. போகலவிலும் கஹட்டகஹவிலும் நிலத்தடியில் அகழப்படுவது அதுவே. அதன் படைகளுள் ஒரே ஓர் அணுத் தடிப்புள்ள படையைப் பிரித்து, அதன் இயல்புகளை 2004இல் எடுத்துக்காட்டியவர்கள் கெய்ம், நோவோசெலோவ் என்னும் இருவர். 2010இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கிராபீன் எனப்படும் அப்படையில் ஒரு கிராமின் பரப்பு, கணக்கின்படி ஏறக்குறைய 2,600 சதுர மீற்றர். நம்மவர் அளவையிற் கூறின், ஒரு கிராமுக்குள் பத்துப் பரப்புக் காணி அடங்கிக் கிடக்கின்றது!

பரப்பு மட்டும் போதாது. உலோகத்தைப் பற்றிக்கொள்ளப் பிடியும் வேண்டும். காரீயத்தை ஒட்சியேற்றினால் அதன் படைகளில் ஒட்சிசன் கொண்ட கூட்டங்கள் அமைகின்றன. நீரிலே அவை எதிரேற்றம் பெறும். ஈயம், கட்மியம் முதலியவற்றின் அயன்கள் நேரேற்றம் உடையன. ஆகவே அவை இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்கின்றன. இரசத்தைப் பிடிக்கக் கந்தகம் கொண்ட கூட்டங்களை இணைப்பர். பின்னர் அமிலத்தாற் கழுவினால், பற்றிய உலோகம் சிறிதளவு நீரிலே திரண்டு வெளிவரும். கரியை மீண்டும் பயன்படுத்தலாம்.

இங்கே ஒன்றை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகால விடத்தைச் சிவபெருமான் இல்லாமல் ஆக்கினாரா? இல்லை; கண்டத்திலே நிறுத்தினார். கரியும் நஞ்சை அழிப்பதில்லை, நிறுத்தி வைக்கின்றது. இறைவன் கண்டத்தில் நின்ற விடம் மீண்டும் இறங்கவில்லை. ஆனால் கரியிலே நின்ற ஈயமோ, அக்கரியை மழையிலும் மண்ணிலும் எறிந்தால் மீண்டும் இறங்கிவிடும். ஆதலின் பற்றிய உலோகத்தை மீட்டு எடுக்கும்வரை வேலை முடியவில்லை என்பதே நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து.

வேறு தடைகளும் உண்டு. நீர் மிகுந்த அமிலத்தன்மையுடையதாயின் ஐதரசன் அயன்கள் முந்திச்சென்று இடம்பிடிக்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரிலே கல்சியமும் இடத்துக்குப் போட்டியிடும். காய்ச்சி வடித்த நீரில் சோதித்துப் பெற்ற பெறுபேற்றை உண்மைக் கழிவுநீரில் எதிர்பார்க்க முடியாது. நனோப் பொருளோ மிக நுண்ணியது. நீரோடு தப்பிச்சென்றால் அதுவே புதிய மாசாகும். நீண்டு விறைத்த காபன் குழாய்கள் எலிகளின் உடலுள் கல்நாரைப்போல அழற்சி உண்டாக்கியதை 2008இல் ஆய்வாளர் கண்டனர். இதனாலேதான் கரியுடன் இரும்பு ஒட்சைட்டைச் சேர்த்துக் காந்தத்தால் மீட்கவும், மென்சவ்விலோ மணலிலோ பதித்து வைக்கவும் முயலுகின்றனர்.

நமது குடாநாட்டுக்கு இது ஏன் பெரிய காரியம்? இங்கே வற்றாத ஆறு இல்லை. நாம் குடிப்பது சுண்ணக்கற் பாறையின் பொந்துகளில் தேங்கிய மழைநீர். மண்மீது ஊற்றியது விரைவிலே கீழிறங்கும். அயலவன் வளவில் ஊற்றியதும் நம் கிணற்றுக்கு வரக்கூடும். பழைய பற்றறியை உடைத்து அதன் அமிலத்தை வேலியோரம் கொட்டுபவர், ஈயத்தையும் சேர்த்தே கொட்டுகின்றார். ஊரெங்கும் பரவிய பின் கிணறு கிணறாகக் கரி வைப்பதினும், பட்டறை வாசலிலேயே தடுத்து நிறுத்துவது எளிது, செலவும் குறைவு. மினமாட்டா நமக்குக் கற்பிக்கும் பாடமும் இதுவே.

ஆகவே பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். பழுதான பற்றறிகளை உடைக்காமல் முழுதாகவே சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். புதுமையான வடிகருவியென்று எவரேனும் விற்க வந்தால், முதலில் உங்கள் கிணற்று நீரை ஆய்வுகூடத்திற் பரிசோதியுங்கள். பின்பு நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த உலோகத்தை நீக்கும்? எவ்வளவிலிருந்து எவ்வளவுக்குக் குறைக்கும்? எத்தனை இலீற்றருக்குப் பின் கரி நிரம்பும்? நிரம்பிய கரியை யார் ஏற்பார்? நான்காவது கேள்விக்கு விடையில்லையாயின் கருவியை வாங்காதீர்கள்.

சகோதர வாலிபர்களே! நம் நாட்டில் காரீயம் உண்டு, சிரட்டை உண்டு, கற்ற இளைஞரும் உண்டு. கரியைச் செய்வதற்குப் பலர் முன்வருவர். அக்கரி பற்றிய நஞ்சை இறுதிவரை காத்து, மீட்டு, அடக்கி வைக்கும் பொறுமையான வேலைக்கும் நம்முள் சிலர் முன்வருதல் வேண்டும். விஞ்ஞானம் பயிலும் நாம் அவ்வேலையை நமதாக ஏற்போமாக.