பக்ஷணத்தின் விலையும் கையின் கூலியும்

(எங்கள் கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

மாமிகளுக்கு ஒரு விண்ணப்பம்: சமையலறை விஷயத்தில் நான் ஏதாவது தப்பாகச் சொன்னால் உடனே எழுந்து திருத்திவிட வேண்டும். எனக்குத் தெரிந்தது கணக்கு. நான் முப்பத்து நான்கு வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ரிடையர் ஆனவன்.

சென்ற கூட்டத்தில் விஷ்ணு ஸஹஸ்ரநாமத்தைப் பற்றி உயர்ந்த உபன்யாசம் கேட்டோம். இந்தத் தடவை முறுக்கு விலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று காரியதரிசி சொல்லிவிட்டார். எங்கே இருந்து எங்கே வந்துவிட்டோம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் பென்ஷனிலும் வங்கி வட்டியிலும் குடும்பம் நடத்துகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களால் வாடகையில் கை வைக்க முடியாது. மருந்தில் முடியாது. கரண்டு பில்லில் முடியாது. கை வைக்க முடிவது சாயங்கால டிபனில்தான். பேரன் பேத்திகள் வந்தால் டப்பாவில் நாலு தட்டை இருக்குமா இருக்காதா என்பது அந்த வீட்டில் சின்ன விஷயம் இல்லை.

விலை ஏன் ஏறுகிறது? முதல் காரணம் எண்ணெய். நம் தேசத்தில் உபயோகிக்கும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பாமாயில் இந்தோனேஷியாவிலிருந்தும் மலேஷியாவிலிருந்தும், சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும், சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேஸில் பக்கத்திலிருந்தும் வருகின்றன. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் யுத்தம் ஆரம்பித்தது. அதே வருஷம் ஏப்ரல் 28-ல் இந்தோனேஷியா பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்தியது. இரண்டும் நம் வாணலியில் வந்து விழுந்தன. பிறகு 2024 செப்டம்பரில் நம் அரசாங்கம், நம் எண்ணெய்வித்து விவசாயிகளுக்கு விலை கிடைக்க வேண்டும் என்று, கச்சா சமையல் எண்ணெய் மீதான மொத்த இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தியது. 2025 மே மாதக் கடைசியில் அது 16.5 சதவீதமாகக் குறைந்தது. இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. பாக்கெட் முறுக்கின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் நூறு கிராமுக்கு 25 கிராமுக்கு மேல் கொழுப்பு என்று போட்டிருக்கும். அதாவது நாம் ஒரு கிலோ முறுக்கு வாங்கினால் கால் கிலோ எண்ணெயும் சேர்த்தே வாங்குகிறோம்.

இரண்டாவது வரி. இதில் நல்ல செய்தி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், பாக்கெட்டில் வரும் மிக்ஸர், புஜியா வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நெய்க்கும் வெண்ணெய்க்கும் அதே மாதிரி 12 போய் 5 ஆனது. பிஸ்கட்டுக்கு 18 போய் 5. கணக்குப்படி, வரியோடு 112 ரூபாய்க்கு விற்ற பாக்கெட் 105 ரூபாய்க்கு வர வேண்டும். விலை குறையவில்லை என்றால் எடையாவது கூடியிருக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எடை என்றதும் மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். விலை ஏறாமலே விலை ஏறும் வித்தை இது. ஒரு பாக்கெட் 50 ரூபாய், 200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோ 250 ரூபாய் ஆகிறது. அடுத்த மாதமும் அதே படம், அதே 50 ரூபாய். ஆனால் உள்ளே 180 கிராம். கிலோ 278 ரூபாய்க்குப் போய்விட்டது. நூற்றுக்குப் பதினொன்று ஏறியிருக்கிறது, நமக்குத் தெரியவில்லை. குழந்தைகள் கேட்கும் பத்து ரூபாய் பாக்கெட்டில் 22 கிராம் இருந்தால் கிலோ 455 ரூபாய்! இப்போது பாக்கெட்டுகளில் ஒரு கிராம் என்ன விலை என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். எழுத்து பொடி. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பாருங்கள். கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிட்டாலே மாதச் செலவில் வித்தியாசம் தெரியும்.

சரி, வீட்டிலேயே செய்தால் என்ன ஆகும்? ஒரு கிலோ தேன்குழலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விலைகளை உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். அரிசி 600 கிராம், கிலோ 60 என்றால் 36 ரூபாய். உளுந்து 150 கிராம், கிலோ 130 என்றால் சுமார் 20 ரூபாய். முறுக்கு குடிக்கும் எண்ணெய்க்கு 40 ரூபாய். வெண்ணெய், ஜீரகம், பெருங்காயம், உப்பு எல்லாம் சேர்த்து 25. காஸுக்கு 15. மொத்தம் 136 ரூபாய். கடையிலே நல்ல தேன்குழல் இதைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. "பார்த்தீர்களா, கொள்ளை!" என்று உடனே சொல்லத் தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்தக் கணக்கில் நான் ஒன்றை எழுதவே இல்லை. மாவு சலித்து, பிசைந்து, நாழியை அழுத்தி, அடுப்பின் முன்னால் நிற்கிறாளே, அவளுக்குக் கூலி எங்கே? நம் வீடுகளில் காலம் காலமாக அந்தக் கூலியைப் பூஜ்யம் என்றே எழுதி வந்திருக்கிறோம். அதனால்தான் வீட்டுப் பக்ஷணம் மலிவு என்று நினைக்கிறோம்.

எங்கள் காலனியில் ஒரு மாமி இருக்கிறார். கணவர் காலமான பிறகு பக்ஷணம் செய்து கொடுத்துத்தான் குடும்பம் நடக்கிறது. கைமுறுக்கு அவர் கையில் அப்படி வரும். ஐந்து சுற்று, ஏழு சுற்று, கல்யாணச் சீருக்குப் பெரியது, எல்லாம் செய்வார். கைமுறுக்குக்கு நாழி கிடையாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாவைத் திரித்துத் திரித்துச் சுற்ற வேண்டும். அவர் கிலோ 420 ரூபாய் சொல்கிறார். சாமானும் பாக்கிங்கும் 170 போனால் அவர் கைக்கு நிற்பது 250. ஒத்தாசைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு நாளைக்கு நாலு கிலோ செய்தால் ஆயிரம் ரூபாய். அதில்தான் அந்தப் பெண்ணுக்கும் கொடுக்க வேண்டும்.

போன தீபாவளிக்கு நம்மவர் ஒருவரே அவரிடம் பேரம் பேசி 350-க்கு வாங்கினார். "எழுபது ரூபாய் குறைத்துவிட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்த எழுபது ரூபாயை எண்ணெய்க் கடைக்காரர் குறைக்கவில்லை. உளுந்து மண்டிக்காரர் குறைக்கவில்லை. மாமியின் 250, 180 ஆனது. வாங்கியவருக்கு மிச்சம் நூற்றுக்குப் பதினேழு. மாமிக்கு நஷ்டம் நூற்றுக்கு இருபத்தெட்டு. அதே மனிதர் மாலில் போய் அச்சிட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வருகிறார். அங்கே பேரம் கிடையாது. கேட்க நாதியில்லாத இடத்தில்தான் நம் பேரம் எல்லாம். நான் இன்று சொல்ல வந்த விஷயம் இதுதான். செலவைக் குறைப்போம், நிச்சயமாகக் குறைக்க வேண்டும். ஆனால் எங்கே குறைக்கிறோம் என்று பார்த்துக் குறைப்போம்.

விலையைப் பலவந்தமாகக் கீழே இறக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூரில் ஒரு சரித்திரம் உண்டு. எம்.டி.ஆர். ஓட்டல் 1924-ல் ஆரம்பித்தது. எமர்ஜென்ஸி காலத்தில் ஓட்டல் பண்டங்களை மிகக் குறைந்த விலைக்கு விற்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. தரத்தைக் குறைக்க அவர்களுக்கு மனமில்லை. தினமும் நஷ்டம். கடைசியில் ஓட்டலையே மூடிவிட்டு, ஆட்களை வேலையிலிருந்து அனுப்பாமல், மசாலாப் பொடியும் ரெடி மிக்ஸும் செய்து விற்க ஆரம்பித்தார்கள். இன்று நம் அலமாரியில் இருக்கும் மிக்ஸ் பாக்கெட்டுகளின் கதை அங்கே தொடங்குகிறது. உத்தரவு போட்டு மலிவாக்கிய இட்லி கடைசியில் கிடைக்காமல் போயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின் போது அரிசி கிடைக்காத சமயத்தில் ரவை இட்லி செய்து பார்த்ததும் அவர்கள்தான் என்று சொல்வார்கள். அரிசி இல்லாவிட்டால் ரவை. தட்டுப்பாட்டுக்கு அது நல்ல பதில்.

நமக்கும் அந்தப் பதில் பொருந்தும். எண்ணெய்தான் விலையை ஏற்றுகிறது என்றால், எண்ணெயில் பொரிக்காத பண்டத்துக்குப் போகலாம். ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் நிற்கும். கடலை கிலோ 90 என்றால், சுண்டல் கிலோ 45 ரூபாய். தேங்காயும் தாளிப்பும் சேர்த்தால்கூட அறுபது, எழுபதைத் தாண்டாது. நவராத்திரி ஒன்பது நாளும் வருகிற சுண்டலை மற்ற நாட்களில் நாம் ஏன் மறந்துவிடுகிறோம்?

நாம் குடியேறிய ஊர்களும் நமக்கு வழி காட்டுகின்றன. இங்கே நாக்பூரில் காலையில் தெருவெல்லாம் தர்ரி போஹா. அவலும் கொண்டைக்கடலைக் குழம்பும்தான். ஜாம்ஷெட்பூரிலும் பாட்னாவிலும் இருப்பவர்களுக்கு ஸத்து இருக்கிறது. வறுத்த கடலை மாவில் தண்ணீர், உப்பு, எலுமிச்சம்பழம் சேர்த்துக் குடித்தால் ராத்திரி வரை பசிக்காது. கல்கத்தாவில் பொரியைக் கடுகெண்ணெய் விட்டுக் கலந்து ஜால்முடி. பம்பாயில் அதே பொரி பேல் ஆகிறது. அகமதாபாத்தில் காக்ரா, தவாவில் சுட்டது, பத்து நாள் கெடாது. தில்லியில் குளிர்காலத்தில் சுட்ட சக்கரவள்ளிக்கிழங்கு. பெங்களூர் பசவனகுடியில் கார்த்திகை மாதக் கடைசி திங்கட்கிழமை கடலைக்காய் பரிஷே என்று நிலக்கடலைக்கே ஒரு திருவிழா. வெளியில் சாப்பிடுவதில்லை என்ற நியமம் உள்ளவர்கள் வருத்தப்பட வேண்டாம். அவல், பொரி, ஸத்து, கடலை எல்லாம் மளிகைச் சாமான்கள்தானே. நம் ஆத்து அடுப்பில், நம் பெருங்காயத்தோடு செய்துகொள்ளலாம்.

பிரயாணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பிள்ளைகளைப் பார்க்க ஊர் ஊராகப் போகிறோம். ரயில்வேயில் 2023-ல் பொதுப் பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு அருகே 20 ரூபாய்க்குப் பூரியும் உருளைக்கிழங்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். விமான நிலையத்தில் ஒரு காபியின் விலையைப் பார்த்துத் திரும்பி வந்தவர்கள் நம்மில் உண்டு. 2024 டிசம்பரில் கல்கத்தா விமான நிலையத்தில் 'உடான் யாத்ரி கஃபே' என்று திறந்தார்கள். டீ 10 ரூபாய், காபி 20, சமோஸா 20 என்று வைத்தார்கள். 2025 பிப்ரவரியில் சென்னையிலும் வந்தது. வேறு சில ஊர்களிலும் வந்திருக்கிறது. பளபளப்பான கடைகளுக்கு நடுவில் தேடிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எதுவும் இல்லாவிட்டால் நம் மிளகாய்ப்பொடி இட்லி பொட்டலம் இருக்கவே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். மலிவாகக் கிடைக்கிறதே என்று கறுத்த எண்ணெயில் பொரித்ததை வாங்காதீர்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெய் கெட்டுப்போவதை அளக்க ஓர் அளவு இருக்கிறது. அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்கு உபயோகிக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து சட்டம். நம்மால் அதை அளக்க முடியாது. ஆனால் நிறமும் நுரையும் நாற்றமும் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும். பத்து ரூபாய் மிச்சம் பிடித்து டாக்டரிடம் கொடுப்பது கணக்கில் சேராது.

கடைசியாக, நம் சங்கம் செய்யக்கூடியது என்ன? மூன்று யோசனைகள் வைக்கிறேன். ஒன்று, கோகுலாஷ்டமிக்கும் தீபாவளிக்கும் மூன்று வாரம் முன்பே ஒவ்வொரு கிளையிலும் யாருக்கு எவ்வளவு பக்ஷணம் வேண்டும் என்று பட்டியல் எடுக்கலாம். அரிசி, உளுந்து, எண்ணெய் மொத்தமாக மண்டியில் வாங்கிக் கொடுக்கலாம். குறைகிற பணம் சாமானில் குறையட்டும். இரண்டு, செய்து கொடுக்கும் மாமிகளுக்குக் கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று அவர்களையே கேட்டு நிர்ணயித்துவிடலாம். அதில் பேரம் கிடையாது. பம்பாயில் கிர்காவ்ன் பகுதியில் 1959 மார்ச் 15-ல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் லிஜ்ஜத். இட்டவர்களே பங்காளிகள் என்ற முறையில் நடந்து தேசம் முழுக்கப் பரவியது. நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். ஊருக்கு நாலு மாமிகள் சேர்ந்தால் போதும். மூன்று, கல்யாணச் சீரில் எண்ணிக்கையைக் குறைக்கலாம். சம்பந்திகள் இருவரும் உட்கார்ந்து பேசி, நூற்றொன்றுக்குப் பதில் ஐம்பத்தொன்று, இருபத்தொன்று என்று வைத்தால் சாஸ்திரம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. சாப்பிட ஆளில்லாமல் டப்பாவில் சிக்குப் பிடிக்கிற முறுக்குதான் உலகத்திலேயே விலை அதிகமான முறுக்கு.

வாரம் ஒரு கிலோ வாங்கியவர்கள் அரை கிலோ வாங்குங்கள். மீதி நாளைக்குச் சுண்டல் செய்யுங்கள். வாங்குகிற அந்த அரை கிலோவுக்கு முழு விலை கொடுங்கள். மற்ற ஊர்க் கிளைகளில் இதைவிட நல்ல வழி நடைமுறையில் இருந்தால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள், நாங்களும் தெரிந்துகொள்கிறோம்.

இன்றைக்கு உங்களுக்காக வைத்திருப்பது காபியும் பட்டாணிச் சுண்டலும். பின்னால் இருப்பவர்களும் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.