கோணல் நீக்கும் கலை

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தருக்கு மரவேலையில் என்ன பேச்சு என்று சிலர் வினவலாம். விடுமுறை நாள்களில் வீட்டின் பின்கட்டில் இழைப்புளி பிடித்து வருகிறோம். அதுவே எமது விடை.

நம் சங்க நூல்கள் பெட்டிகளில் முடங்கிக் கிடந்ததை யாவரும் அறிவீர்கள். அலமாரி செய்யத் தேக்குப் பலகைகள் வாங்கினோம். இயந்திரத்தில் இழைத்து வந்த பின்னரும் அவை முறுக்கிக் கிடந்தன. அரும்பாடுபட்டுச் சேர்த்த நன்கொடை வீணாகுமோ என்று செயற்குழுவினர் கலங்கினர்.

மரம் ஏன் கோணுகிறது? உலருங்கால் அது எப்பக்கமும் ஒரே அளவாய்ச் சுருங்குவதில்லை. வளையங்களின் வழியே நேரும் சுருக்கம், நடுவிலிருந்து வெளிநோக்கி நேரும் சுருக்கத்தினும் மிகுதி. பல மரங்களில் ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே பலகை தட்டுப்போலக் குழிகிறது. இழையோட்டம் சாய்ந்திருப்பின் முறுக்கும் ஏறுகிறது. எனவே, பலகைகளுக்கிடையே சிறு கட்டைகள் வைத்தடுக்கிக் காற்றாட விடுதல் முதற்பணி.

கனத்தைச் சீராக்கும் இயந்திரம் உருளைகளால் பலகையை அழுத்திக்கொண்டு சீவுகிறது. அழுத்தம் நீங்கியதும் பழைய முறுக்குத் திரும்புகிறது. கனம் ஒன்றாயிருக்கும், தளம் நேராயிராது. ஒரு முகத்தை முதலில் கையால் நேராக்கினால், அதை அடியாக வைத்து இயந்திரம் மறுமுகத்தைச் செம்மையாக்கும்.

அம்முதல் முகத்தை நேராக்குவது எவ்வாறு? குழிந்த பக்கத்தைக் கீழே வைத்தால் பலகை ஆடாது. அது முறுக்கால் ஆடினால் மூலையில் ஆப்புச் செருகுக. இரு நேர்ச்சட்டங்களைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல்விளிம்பு வழியே மற்றொன்றை நோக்குக. எம்மூலை உயர்ந்ததென்பது தெளிவாகும். அங்கே சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அவ்வுயர்ந்த மூலைகளைச் சீவுக. பின்னர் அகலவாட்டில் சீவி, இறுதியில் நீளவாட்டில் மெல்லிய சுருள்களாக இழைக்க வேண்டும். நார் பெயர்ந்தால் பலகையைத் திருப்பி எதிர்த்திசையில் இழைக்கலாம். அந்த முகத்திற்கு மூலைமட்டத்தால் ஒரு விளிம்பைச் செங்கோணமாக்கி, கனத்தின் அளவைச் சுற்றிலும் கீறி, மறுமுகத்தை அக்கோடுவரை குறைத்தால் பணி முடிந்தது.

நீண்ட பலகையில் கோணல் மிகுதியெனில் முதலில் துண்டாக்குவதே அறிவுடைமை. துண்டு குறுகினால் வளைவும் குறையும், மரமும் மிஞ்சும். இரண்டு பலகைகளை யாம் அவ்வாறே மீட்டோம். ஒன்றேகால் அங்குலமாக வந்த மரம் முக்கால் அங்குலமாயிற்று. எனினும் அலமாரி நிமிர்ந்து நிற்கிறது.

1967-இல் தோன்றிய எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நிறுவனத்தை நிறுவிய டாக்டர் ஏ.எஸ்.ராவ் அவர்களின் பெயரைத் தாங்கியது நம் குடியிருப்பு. அளந்து பார்த்த பின்னரே நம்புவது அறிவியலார் வழக்கம். தரையில் அமர்ந்து, காலால் பலகையைப் பற்றி, ஒரு கண்ணை மூடி விளிம்பை நோக்கும் நம்மூர் ஆசாரிமாரின் வழக்கமும் அதுவே. அவர்கள் பள்ளியில் பயிலாத அறிவியலாளர்.

அலமாரி ஆயத்தம். தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகள் தமிழ் நூலொன்றைத் தம் கையால் எடுத்துப் பிரிக்கும் நாளே எம் உழைப்பிற்குக் கூலி. ஞாயிறுதோறும் அவர்களை அழைத்து வாருங்கள். விரும்பும் இளைஞர்க்கு இழைப்புளி பிடிக்கவும் கற்பிக்கக் காத்திருக்கிறோம்.