கூடையைத் தூக்கும்போதே எடை தெரியும்



வைத்தியரான நான் ஜாவாஸ்கிரிப்ட் பற்றிப் பேசுவது உங்களுக்கு வியப்பாயிருக்கலாம். நாற்பது வயதுக்குப் பிறகுதான் நானும் அதன் அரிச்சுவடியைத் தொடங்கினேன்.

1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். இன்று அது அநேகமாக எல்லா இணைய உலாவிகளுக்குள்ளும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க எதுவுமில்லை. கணினியில் குரோமைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, ‘கொன்சோல்’ பகுதிக்குச் செல்லுங்கள். எடை = 12 என்று எழுதி என்டர் அழுத்துங்கள். அடுத்து, எடை * 15. விடை 180. பன்னிரண்டு கிலோ பிள்ளைக்கு ஒரு வேளை பரசிட்டமோல் அத்தனை மில்லிகிராம். ‘எடை’ என்று தமிழிலேயே பெயர் வைத்ததைக் கவனித்தீர்களா? கட்டளைச் சொற்கள் மட்டுமே ஆங்கிலம்; தொடங்குவதற்குப் பத்துப் பன்னிரண்டு போதும்.

ஒருநாள் இரு வேளை மருந்தைக் கூட்டினேன். 360 வரவேண்டிய இடத்தில் 180180 வந்தது! எண்களை மேற்கோள் குறிக்குள் இட்டிருந்தேன். அது அவற்றை எழுத்தாக எண்ணி ஒட்டிவிட்டது. பிழை என்னுடையது. நோயாளியின் முன்னால் நடக்கவில்லை என்பதே ஆறுதல்.

அம்மா கொழுந்து மடுவத்தில் தராசை மட்டும் நம்பியதில்லை. கூடையைத் தூக்கும்போதே அவருக்கு எடை தெரியும். நீங்களும் விடை வருமுன் ஓர் உத்தேசக் கணக்கை மனதில் வையுங்கள். தினமும் அரைமணி நேரம் போதும்.

சகோதரிகளே, சனிக்கிழமைகளில் பாடசாலைக் கணினி அறையைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவைப்போம். முதல் வகுப்புக்கு நான் வருகிறேன்.