பசுமை வளாகத்தின் குப்பையை யார் பிரிக்கிறார்கள்?

(கல்லூரி மாணவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பசுமை வளாகம்' என்ற தலைப்பில் பேச அழைத்திருக்கிறீர்கள். மரம் நடுவதைப் பற்றிச் சொல்ல இங்கே தாவரவியல் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த மரத்தடிச் சருகைக் கூட்டுகிறவர்களைப் பற்றிப் பேசலாம் என்று நான் வந்திருக்கிறேன்.

நாக் குழு வருகிறது என்றால் ஒரு கல்லூரியில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள், லாரியில் தொட்டிச் செடிகள் வந்து இறங்கும். நாக் மதிப்பீட்டின் ஏழாவது அளவுகோலில் மாற்று எரிசக்தி, கழிவு மேலாண்மை, நீர்ச் சேமிப்பு எல்லாம் கேட்கிறார்கள். அதற்காகப் பசுமைத் தணிக்கை அறிக்கை ஒன்று தயாராகும். அந்த அறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். மரங்கள் எத்தனை, சோலார் பலகை எத்தனை கிலோவாட், குப்பைத் தொட்டி எத்தனை, எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கும். குப்பையை அள்ளுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன கூலி, கையுறை உண்டா? நான் பார்த்த அறிக்கைகளில் இதற்கு ஒரு பத்திகூட இல்லை. மரத்துக்கு எண் கொடுத்து, தாவரவியல் பெயர் எழுதிப் பலகையை ஆணியடித்து மாட்டுகிறோம். (ஆணி அடிப்பது மரத்துக்குக் கேடு என்பது தனிக் கதை.)

2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்லின. குப்பையை உண்டாக்குகிறவரே அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மக்குவது, மக்காதது, அபாயமானது என்று மூன்றாக. நாப்கினைத் தனியாகச் சுற்றிப் போட வேண்டும். நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் கல்லூரிகளையும் விடுதிகளையும் அந்த விதிகள் பெரிய அளவில் கழிவு உண்டாக்குவோர் என்று தனியாகவே குறிப்பிட்டன.

நடப்பது என்ன? பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வாங்கி வைத்துப் படம் எடுத்து அறிக்கையில் சேர்த்துவிடுகிறோம். அப்புறம் இரண்டிலும் எல்லாம் விழுகிறது. சாயங்காலம் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு அம்மா உட்கார்ந்து வெறுங்கையால் பிரிக்கிறார். சாம்பாரில் ஊறிய காகிதம், உடைந்த சோதனைக் குழாய், சுற்றாமல் போட்ட நாப்கின். விதி நம் கையில் கொடுத்த வேலையைச் சாதி அவர் கைக்கு மாற்றிவிட்டது. சாதியை வெறும் வேலைப் பிரிவினை என்று நியாயப்படுத்தியவர்களுக்கு 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் 1936லேயே பதில் சொன்னார். அந்த வேலைப் பிரிவினை நம் வளாகத்தில் பச்சை வண்ணம் பூசிக்கொண்டு நிற்கிறது. அக்டோபர் 2 அன்று நாமும் துடைப்பத்தோடு படம் எடுத்துக்கொள்கிறோம். மறுநாள் அந்தத் துடைப்பம் யார் கைக்குத் திரும்பிப் போகிறது?

குப்பையாவது கண்ணுக்குத் தெரியும். விடுதிக் கழிவறைத் தொட்டி தெரியாது. ஆயிரம் பேர் தங்கும் விடுதியில் தொட்டி நிரம்பும், குழாய் அடைக்கும். சுத்திகரித்த நீரில் புல்வெளி வளர்க்கிறோம் என்று அறிக்கையில் எழுதுகிறோம். அடைப்பு எடுக்க உள்ளே இறங்கியவர் யார் என்று எழுதுவதில்லை. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024 வரை விவரம் சேகரிக்கப்பட்ட சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்கள் சுமார் 38,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இதைத் தற்செயல் என்று யாராவது சொல்ல முடியுமா?

பாதுகாப்புக் கருவி இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்துகொண்டே போகிறது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே பொருள்? "அதெல்லாம் ஒப்பந்ததாரர் பார்த்துக்கொள்கிறார்" என்று நிர்வாகம் சொல்லும். மரம் நட்ட பெருமை கல்லூரிக்கு, மலம் அள்ளும் பழி ஒப்பந்ததாரருக்கு! நல்ல பங்கீடு.

இந்த மன்றத்துத் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். பசுமைத் தணிக்கைக்கு மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். விடுதி மாடியிலேயே குப்பையைப் பிரிக்கும் பொறுப்பை அங்கே தங்குகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தூய்மைப் பணியாளர் கைக்குப் போகும் கூலி எவ்வளவு, வருங்கால வைப்புநிதி கட்டப்படுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க 10 ரூபாய் போதும். கடைசியாகக் கழிவுநீர்த் தொட்டியை எந்தத் தேதியில், எந்த இயந்திரத்தால் சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். இயந்திரத்துக்குப் பணம் கொடுத்த ரசீது இருந்தால் காட்டட்டும். ரசீது இல்லையென்றால், தொட்டியைச் சுத்தம் செய்தவரின் பெயரைக் கேளுங்கள்.