மாத்திரையும் ஜெபமும்
(ஆதரவாளர் நன்றி ஆராதனையில் மருத்துவமனைப் போதகர் கொடுத்த செய்தி)



மாற்கு சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் மகனை இயேசுவினிடத்தில் கொண்டுவருகிறான். பையன் சிறுவயது முதல் நுரைதள்ளி விழுகிறவன். தீயிலும் தண்ணீரிலும் விழுந்தவன். இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் வேறொரு தகப்பனின் முகம் எனக்கு நினைவுக்கு வரும்.

நான் இந்த ஊழியத்துக்கு வந்த புதிது. மலையடிவாரக் கிராமத்திலிருந்து ஒரு கூலித் தொழிலாளி தன் 11 வயது மகளைக் கூட்டி வந்தார். காக்காய் வலிப்பு. டாக்டர் பீனோபார்பிடோன் மாத்திரை கொடுத்தார். நான் தலையில் கைவைத்து ஜெபித்து, "விசுவாசத்தோடே போங்கள்" என்று அனுப்பினேன். மாத்திரையைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் அந்தப் பிள்ளை வெந்த கையோடு வந்தாள். அடுப்பங்கரையில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறாள். "மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டேன்.

"ஐயா, நீங்க ஜெபம் பண்ணினீங்க, வலிப்பும் நின்னுபோச்சு. இங்க வந்துபோனா பஸ் செலவு, ஒருநாள் கூலியும் போகுது. சுகமாயிடுச்சுன்னு விட்டுட்டோம்" என்றார்.

அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டென்று என் மனசாட்சி குத்தியது. அன்றுமுதல் ஜெபம் முடிந்தவுடன், "மாத்திரையும் கர்த்தர் கொடுத்ததுதான், டாக்டர் சொல்லும்வரை ஒருநாளும் விடாதீர்கள்" என்று சொல்லாமல் ஒருவரையும் அனுப்புவதில்லை. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்த நோய் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியான சிகிச்சை கிடைத்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம். ஆனால் ஏழை நாடுகளில் முக்கால்வாசிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. மருந்து விலை உயர்ந்ததா? இல்லை. பீனோபார்பிடோன் 1912 முதல் வலிப்புக்குக் கொடுக்கப்படும் மலிவான மருந்து. தூரமும், கூலி இழப்பும், பேய் பிடித்தது என்ற எண்ணமும், பெண்ணுக்குக் கலியாணம் ஆகாதே என்ற பயமுமே தடைகள். வலிப்பு திருமணத்துக்குத் தடை என்ற வாசகத்தை 1999-ல் இந்து திருமணச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். ஊர்ப்பேச்சிலிருந்து அது இன்னும் நீங்கவில்லை.

நீங்கள் அனுப்பும் காணிக்கையால் மாதம் ஒருமுறை நம் ஜீப் மலைக்குப் போகிறது. சிஸ்டர் ஒவ்வொருவரின் அட்டையையும் பார்த்து ஒரு மாத மாத்திரை கொடுக்கிறார். வராதவர்களைத் தேடி வீட்டுக்கே போகிறார். பாதை அடைபடும் மழைக்காலத்துக்கு முன்பாக இரண்டு மாத மாத்திரை கொடுத்துவிட்டு வருகிறோம்.

உங்கள் சபையிலும் ஒருவருக்கு வலிப்பு வரலாம். சாவியைக் கையில் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து அருகில் இருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அந்தச் சிறுமி இன்று இரண்டு பிள்ளைகளின் தாய். கையில் தழும்பு இருக்கிறது. ஜீப் வரும் நாளில் அவளே வீடு வீடாகப் போய், அந்தக் கையைக் காட்டி, மாத்திரையை விட்டவர்களை அழைத்து வருகிறாள்.

பிரியமானவர்களே, அவர்களுக்காக ஜெபியுங்கள். ஒரு மாதமும் ஜீப் நின்றுவிடாதபடி தாங்குங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.