முதுமையும் வெயிலும்

(விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் கற்பித்தவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். மருத்துவர் கூற வேண்டியதை அவரே கூறட்டும். நம் இல்லத்து முதியோரின் அன்றாட வாழ்வையும் உணவு நெறியையும் ஒட்டி, வைட்டமின் டி என்னும் சத்தைப் பற்றிச் சில சொற்கள் மட்டும் கூற விழைகின்றேன்.

ஏனைய சத்துகளைப் பெரும்பாலும் உணவே தருகின்றது. இச்சத்தையோ வெயில் பட்ட நம் தோலே ஆக்குகின்றது. பின்னர் கல்லீரலும் சிறுநீரகமும் அதனைப் பயன்படும் வடிவிற்கு மாற்றுகின்றன. உண்ட உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் ஈர்த்துக்கொள்வதற்கு இது வேண்டும். இது போதியபோது கால்சியத்தில் 30 முதல் 40 விழுக்காடு வரை உடலில் சேரும்; குறைந்தால் 10 முதல் 15 விழுக்காடே சேரும்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டம் கேழ்வரகு விளையும் மண். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் களி உண்டதனால் மட்டும் எலும்பு உறுதி பெறாது. அதனை உடலில் சேர்க்கும் சத்தும் உடனிருக்க வேண்டும்.

"வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் இக்குறை எப்படி வரும்?" என்று கேட்பாருண்டு. நமக்கு அண்மையிலுள்ள திருப்பதியில் மருத்துவர் ஹரிநாராயண் குழுவினர் செய்த ஆய்வுகளில், நலமாக இருப்போரிடத்தும் இக்குறை பரவலாகக் காணப்பட்டது. தோல் இச்சத்தை மிகுதியாக ஆக்குவது காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை என்பதும் அங்கே அறியப்பட்டது. இளங்காலை வெயிலே போதும் என்னும் நம் எண்ணம் இங்குப் பொருந்துவதில்லை. நம் நிழல் நம் உயரத்தினும் குறுகியிருக்கும் பொழுதே உரிய பொழுது. கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலால் பயனில்லை. அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

சிப்காட் ஆலைகளில் பணியாற்றும் பிள்ளைகளை நாடி, வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஓசூர் வந்து சேர்ந்த பெற்றோர் நம்மிடையே பலர். ஊரில் வரப்பில் நடந்தும் முற்றத்தில் நெல் காயவைத்தும் வாழ்ந்தவர்கள் அவர்கள். இங்கே அடுக்குமாடி வீடு. மகனுக்கும் மருமகளுக்கும் ஷிப்ட் வேலை. துணையின்றிப் படியிறங்க அச்சம். வெயில் வாசலில் இருந்தும் அவர்கள் அதனைக் காண்பதில்லை. முதுமையில் தோலின் ஆக்கும் திறன் இளமையில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுங்கள்.

நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ இயலாமை, படியேறுகையில் தொடை தளர்தல், இடுப்பிலும் முதுகிலும் ஓயாத வலி ஆகியவை இக்குறையின் அடையாளங்களாக இருக்கலாம். "வயதானால் அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். தசை தளர்ந்தவர் விழுவார்; எலும்பு நலிந்தவர் விழுந்தால் இடுப்பு முறியும்; அதன்பின் பழைய நடையைத் திரும்பப் பெறாதவர் பலர்.

நமக்கென்று ஓர் இடர்ப்பாடும் உண்டு. இச்சத்து இயல்பாக மிகுந்துள்ள மீனும் முட்டையும் நம் உணவில் இல்லை. காளானையும் நம்மிற் பலர் விலக்குகின்றோம். மருந்தாக வரும் மென்குளிகைகள் பலவற்றின் உறை ஜெலட்டின். அது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் ஆவது. டி3 பெரும்பாலும் ஆட்டு மயிரின் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுகின்றது. இதனை அறிந்த முதியோர் சிலர், எவரிடமும் கூறாமல் மருந்தை ஒதுக்கிவிடுவதுண்டு. அவர்தம் நெறி போற்றத்தக்கது, மௌனமே தீங்கு. ஈஸ்ட்டிலிருந்து பெறப்படும் டி2 உண்டு. கல்பாசி இனத்தைச் சேர்ந்த லைக்கனிலிருந்து பெறப்படும் டி3 உண்டு. ஜெலட்டின் உறையில்லாத மாத்திரையும் தூளும் உண்டு. மருத்துவரிடம் நம் நெறியைத் தயங்காமல் கூறுங்கள். அவர் மாற்று எழுதித் தருவார். பால் வாங்குகையில், கூட்டல் குறியுடன் 'எஃப்' எழுத்துப் பொறித்த செறிவூட்டிய பாலைத் தேர்ந்து வாங்கலாம்.

மிகையும் ஆகாது. 70 வயதைக் கடந்தவருக்கு நாள்தோறும் 800 அலகு போதும் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2010இல் வகுத்தது. நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஒரு பொட்டலத்தில் 60,000 அலகு உள்ளது. அஃதாவது 75 நாள் அளவு. வாரம் ஒன்றென்று எழுதித் தந்ததை நாளுக்கொன்றாக உண்டால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் கெடும். குறையில்லாதவர் இதனை உண்பதால் எலும்பு முறிவு குறைவதில்லை என்பதை 25,000க்கும் மேற்பட்டோரைக் கொண்ட அமெரிக்க ஆய்வொன்று 2022இல் காட்டியது. எனவே முதலில் மருத்துவரைக் காண்க. அவர் கூறினால் இரத்தப் பரிசோதனை. அதன்பின் அவர் குறித்த அளவு, குறித்த காலம்.

இளையோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறை நாளில் முற்பகல் 11 மணியளவில் தாய் தந்தையரைக் கைப்பிடித்துக் கீழே அழைத்து வாருங்கள். கையும் காலும் வெயில் படுமாறு அரைமணி நேரம் உடனிருங்கள். கோடையில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஓசூரின் மென்மையான தட்பவெப்பம் ஆண்டின் பெரும்பகுதியில் இதற்கு இடம் தரும். மற்ற நாள்களில் அண்டை வீட்டு முதியோர் இருவர் மூவர் சேர்ந்து இறங்கினால், அச்சமும் நீங்கும், பேச்சுத்துணையும் வாய்க்கும்.